தாத்தா நோட்டில் உள்ள அம்மன் படையல் பட்டியல்: சில சாமான்கள் புரியவில்லை, உதவுங்கள்

பவளமல்லி | ஆடி 2

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குலதெய்வம் மாரியம்மன். பங்காளிகள் ஏழு வீடு. ஆடிக் கடைசி வெள்ளிப் படையல் வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும், இந்த ஆடி எங்கள் முறை. போன முறை வரைக்கும் அத்தைதான் எல்லாம் பார்த்தார். இப்போது அவருக்கு முழங்கால் முடியவில்லை, பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. தாத்தாவின் பழைய கணக்கு நோட்டை அத்தை கையில் கொடுத்து, "இதுல இருக்கறத ஒண்ணு விடாம வாங்கு"ன்னு சொல்லிவிட்டார்.

நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

மஞ்சள் அரைத்தது, கால் படி. குங்குமம் (வீட்டில் செய்தது). காதோலை கருகமணி 1. சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, சின்னது. வளையல் 2 டஜன், பச்சையும் சிவப்பும். ரவிக்கைத் துணி. எலுமிச்சை 21. துள்ளு மாவு 2 படி. மாவிளக்கு மாவு 1 படி. பானகம். கண்மலர் 1 ஜோடி, மறக்கக் கூடாது. பூ: வாங்காதே, கட்டு. கிடா 1 என்று எழுதி அடித்துவிட்டு, அதற்கு மேலே வேறு மையில் பூசணி 1.

என் சந்தேகங்கள். காதோலை கருகமணி என்றால் என்ன? துள்ளு மாவும் மாவிளக்கு மாவும் ஒன்றுதானே, ஏன் தனித்தனியாக எழுதியிருக்கிறார்? கண்மலர் என்றால் கண் உருவம் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் கண் கோளாறு இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு ஏன் "மறக்கக் கூடாது"?

பூஜை சாமான் கடையில் கேட்டால் "அம்மன் செட்" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் போட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு வர மனசு வரவில்லை.

செல்லாயி பேத்தி | ஆடி 2

பவளமல்லி, அந்த உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால் உள்ளேயே காதோலை கருகமணி இருந்திருக்கும் கண்ணு. சிவப்புச் சாயம் போட்ட ஓலையை வட்டமாகச் சுருட்டி, கூடவே நாலு கறுப்பு மணி கோத்த நூல் ஒன்று வைத்திருப்பார்கள். அதுதான்.

என் பாட்டிக்குக் காது வளர்த்த காது. தோள் வரைக்கும் தொங்கும். பாம்படம் போட்டிருந்தார். பாம்படத்தைக் கழற்றி வைக்கும் நாட்களில் துளை தூர்ந்துவிடாமல் இருக்கப் பனை ஓலையைச் சுருட்டிச் செருகிக்கொள்வார். சுருட்டின ஓலை தானாகவே விரியப் பார்க்கும், அதனால் துளை அகலமாகவே நிற்கும். தங்கம் வாங்க வழியில்லாத வீட்டில் அந்த ஓலையேதான் நகை. "தோடு" என்ற சொல்லுக்கே ஓலை, பூவிதழ், காதணி என்று மூன்று பொருளும் உண்டு. கருகமணி கழுத்துக்கு. ஓலையும் மணியும் சேர்ந்தால் ஏழைச் சுமங்கலிக்கு முழு அலங்காரம். அம்மனுக்கு அதைத்தான் வைக்கிறோம். ஆடிப்பெருக்கில் காவிரிக்கும் இதே காதோலை கருகமணிதான் விடுவார்கள்.

திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரியின் தாடங்கத்தை நினைத்துப் பாருங்கள். அம்பாளின் உக்கிரத்தைத் தணிக்க ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரத்தைத் தாடங்கமாக்கிக் காதில் அணிவித்தார் என்பது ஐதிகம். அங்கே கல் பதித்த தாடங்கம், உங்கள் ஊரில் ஓலைச் சுருள். எந்தக் காதாக இருந்தாலும் வெறுங்காதாக விடக் கூடாது என்பதுதான் கணக்கு.

முடிந்தால் கடை ஓலை வேண்டாம். குருத்தோலை ஒரு கீற்று கிடைத்தால் நீங்களே விரல் அகலம் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, இறுக்கமாகச் சுருட்டி நூலால் கட்டுங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருந்தால் காலையில் வடிவம் நின்றுவிடும்.

அரிசிமாவு | ஆடி 3

இரண்டு மாவும் ஒன்று இல்லை. ஒரே அரிசிதான், போகிற வழி வேறு.

பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். முழுசாகக் காயக் கூடாது. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலித்தால் மாவு பொலபொலவென்று இருக்கும். இதில் பொடித்த வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ கலந்து அப்படியே வைத்தால் துள்ளு மாவு. அடுப்பே கிடையாது.

அதே மாவில் வெல்லத்தையும் ஏலக்காயையும் சேர்த்து அழுத்திப் பிசைந்து உருட்டினால் மாவிளக்கு. பிசையும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள், இது முக்கியம். மாவின் ஈரமும் வெல்லத்தின் கசிவும் சேர்ந்தே உருண்டை பிடிக்கும். தண்ணீர் விட்டால் விளக்கு எரிய எரிய இளகி, குழி உடைந்து நெய் வழிந்துவிடும். உருண்டையின் தலையில் கட்டை விரலால் குழி செய்து, திரியைத் தடிமனாகத் திரித்துப் போட்டு, உருக்கிய நெய்யை விடுங்கள். விளக்கு மலையேறின பிறகு குழியைச் சுற்றி மாவு கருகி, நெய் குடித்து, கெட்டியாக இருக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அந்த இடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

வயிற்று வலி தீர வேண்டிக்கொண்ட பெண்கள் சந்நிதியில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் வாழை இலை போட்டு, அதன் மேல் மாவிளக்கை வைத்து ஏற்றச் சொல்வார்கள். நான் சிறு வயதில் என் சித்தி அப்படிப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சுடர் ஆடாமல் இருக்க மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

துள்ளு மாவு ஏன் சமைக்காத மாவு என்றால், அது குளிர்ச்சி. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினதும் அம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி இருக்கிறாள். பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பதை எல்லாக் கோயிலிலும் பார்க்கலாம். அங்கே பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் தளிகை, அதாவது சமைத்த நிவேதனம், இல்லை. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான் நிவேதனம். உங்கள் தாத்தா பட்டியலில் துள்ளு மாவும் பானகமும் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் அதே குளிர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளித்தகடு | ஆடி 3

கண்மலர் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளி உருவம் அடிக்கிறது.

கண், கை, கால், முழு ஆள், தொட்டில், வீடு, பாம்பு என்று அச்சு இருக்கிறது. வெள்ளியைக் காகிதம் போல மெல்லிசாகத் தகடு இழுத்து, அச்சின் மேல் வைத்து, ஈயத்தைக் கொடுத்துத் தட்டினால் உருவம் எழும். கண்மலர் என்றால் நடுவில் புடைத்த விழி, சுற்றி இமை, கடைசியில் மீன் வால் போல ஒரு கூர். நல்ல அச்சில் இமை முடிகூடத் தனித்தனிக் கோடாகத் தெரியும். இரண்டு கண்ணையும் ஒரே பட்டையில் சேர்த்து அடிப்பதும் உண்டு, தனித்தனியாக அடிப்பதும் உண்டு. "ஜோடி" என்று எழுதியிருப்பதால் உங்களுக்குத் தனித்தனிக் கண்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். இப்போது கடைகளில் தொங்குவதில் பாதிக்கு மேல் வெள்ளை உலோகம். "ஜெர்மன் சில்வர்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, அதில் வெள்ளி துளியும் கிடையாது. வேண்டுதலுக்கு உலோகம் முக்கியமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வெள்ளி என்று நேர்ந்திருந்தால் வெள்ளிதான் போட வேண்டும் என்பது என் கட்சி. மெல்லிய தகட்டில் முத்திரை இருக்காது, அதனால் எடை போட்டு வெள்ளி விலைக்குக் கொடுக்கும் பட்டறையில் வாங்குங்கள்.

கண் கோளாறு யாருக்கும் இல்லை என்கிறீர்கள். மாரியம்மனுக்குக் கண்மலர் என்றால் பெரும்பாலும் அம்மை சம்பந்தப்பட்டதாக இருக்கும். அத்தையிடம் நன்றாக விசாரியுங்கள்.

செல்லாயி பேத்தி | ஆடி 3

வெள்ளித்தகடு சொல்வது சரி. உடம்பில் எங்கே நோவோ அதன் வடிவத்தை வைப்பது நம் பக்கம் எங்கும் உண்டு. மண்டைக்காடு பகவதிக்குத் தலைவலி தீர மண்டையப்பம் வைக்கிறார்கள், மாவில் செய்த தலைதான் அது. திருமீயச்சூர் லலிதாம்பிகைக்குக் கொலுசு காணிக்கை. ஆனைமலை மாசாணியம்மனிடம் முறையிடுகிறவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். அங்கே வைப்பது உறுப்பும் இல்லை, நகையும் இல்லை. நெஞ்சில் எரிகிற எரிச்சலையே அரைத்துக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

துர்க்கை மகள் | ஆடி 4

21 எலுமிச்சை என்று இருக்கிறதே, அது எலுமிச்சை விளக்குக்குத்தான். பழத்தை இரண்டாக நறுக்கி, சாறு பிழிந்து, தோலை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நெய் விட்டு ராகு காலத்தில் ஏற்றுங்கள்.

பிராகாரம் | ஆடி 4

அம்மா, மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். தாத்தா காலத்துப் பட்டியலில் அது எலுமிச்சை மாலையாகத்தான் இருக்கும். மாலையும் சூலத்தில் குத்துவதும் பழசு, விளக்கு பிற்பாடு வந்த வழக்கம். நான் கோயில் பணியில் இருக்கிறேன், தினம் பார்க்கிறேன். எண்ணெயும் புளிப்பும் சேர்ந்து கல் தரையில் வழுக்கி வயசானவர்கள் விழுகிறார்கள். பித்தளைத் தட்டு புளிப்புப் பட்டுப் பச்சை பிடிக்கிறது. தேவிக்குப் பிடித்த கனியைப் பிழிந்து எறிந்துவிட்டுத் தோலை எரிப்பது எனக்கு உள்ளூர உறுத்துகிறது.

துர்க்கை மகள் | ஆடி 4

ஐயா, நீங்கள் தரையைச் சொல்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுத்துகிறது என்று சொல்லும்போது கொஞ்சம் யோசியுங்கள். எனக்கு 34 வயது வரை கல்யாணம் ஆகவில்லை. என் அம்மா ஒன்பது செவ்வாய் தொடர்ந்து ராகு காலத்தில் துர்க்கை சந்நிதியில் நின்று எலுமிச்சை விளக்கு ஏற்றினார். வேலைக்குப் போகிறவர், அரை நாள் சம்பளம் போகும். பூச்செண்டு, பட்டு, வெள்ளி எல்லாம் அவர் கைக்கு எட்டாதவை. இரண்டு எலுமிச்சையும் ஒரு கரண்டி நெய்யும் எட்டும். அந்த விளக்கு ஆகமத்தில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. சந்நிதியில் அவர் நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிராகாரம் | ஆடி 5

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுப் படுத்தேன். "உறுத்துகிறது" என்று எழுதினதற்கு வருந்துகிறேன் அம்மா. நான் கூட்டுகிற துடைப்பத்தின் பக்கமிருந்து பார்த்தேன். எங்கள் கோயிலில் இப்போது வெளிப் பிராகாரத்தில் இரும்புத் தட்டு வைத்து, அடியில் மணல் பரப்பியிருக்கிறோம். ஏற்றுகிறவர்கள் அங்கே ஏற்றலாம். இது போதும் என்று நினைக்கிறேன்.

பவளமல்லிக்கு ஒரு கேள்வி. உங்கள் அம்மன் கல்லா, சுதையா (சுண்ணாம்புச் சாந்தில் செய்ததா), மண்ணா? பாலாபிஷேகம் நினைத்திருந்தால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சமயபுரத்தில் மூலவர் மூலிகை சேர்த்த சுதைத் திருமேனி, அபிஷேகம் எல்லாம் உற்சவருக்குத்தான். புன்னைநல்லூர் மாரியம்மன் புற்று மண்ணால் ஆனவள். அவளுக்கு அபிஷேகத்துக்குப் பதில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, 48 நாள், தைலக்காப்பு. சிறு கோயில்களில் இது தெரியாமல் மண் அம்மன் மேல் குடம் குடமாகப் பால் ஊற்றி, முகம் கரைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். பூசாரி தடுக்கத் தடுக்க ஊற்றினார்கள். பண்ணாரியில் விபூதிக்குப் பதில் புற்று மண்ணே பிரசாதம். மண்ணுக்கு உள்ள மரியாதை அவ்வளவு.

பவளமல்லி | ஆடி 5

கல்தான் ஐயா. இடுப்பளவு உயரம், உட்கார்ந்த கோலம். பித்தளை முகக்கவசம் உண்டு. பக்கத்தில் மூன்று சூலம் நட்டிருக்கும். எலுமிச்சை பற்றி அத்தையிடம் கேட்டேன். 18 பழம் மாலைக்கு, 3 பழம் சூலங்களுக்கு. இருபத்தொன்று சரியாக வந்துவிட்டது. துர்க்கை மகள் அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொம்பளைக்கு என் நமஸ்காரம் சொல்லு" என்றார்.

கிடாவை அடித்துப் பூசணி எழுதியது ஏன் என்று யாருக்காவது ஊகம் உண்டா? குங்குமம் வீட்டில் செய்வது எப்படி?

கல்லெழுத்து | ஆடி 6

கிடா பற்றி எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் 1950இலேயே வந்தது. பல வருஷம் ஏட்டளவில் இருந்து, 2003இல் கடுமையாக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. கிராமக் கோயில்களில் பெரும் மனக்குறை ஏற்பட்டு, 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. உங்கள் தாத்தா எந்த வருஷம் அடித்தார் என்பது தெரிந்தால்தான் சட்டமா, அவர் மனசா என்று சொல்ல முடியும். சட்டம் எதுவும் சொல்லாமலேயே பல வீடுகள் பூசணிக்கு மாறியிருக்கின்றன.

அம்மன் முன்னால் உயிர் கொடுப்பது மிகப் பழைய சங்கதி. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள் போய்ப் பாருங்கள். பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் மண்டியிட்ட ஒருவன் ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்தில் வாளை வைக்கிறான். ஏழாம் நூற்றாண்டு. தன்னையே படையலாக்குகிறவன் அவன். அங்கிருந்து கிடாவுக்கு வந்து, கிடாவிலிருந்து பூசணிக்கு வந்திருக்கிறோம்.

ஆனால் அதற்கும் முன்னால் சிலப்பதிகார வேட்டுவவரியில் எயினர்கள் (பாலை நில வேட்டுவர்) கொற்றவைக்குக் கொண்டுவரும் சாமான்களைப் பாருங்கள். வண்ணக் குழம்பு, சுண்ணப் பொடி, சந்தனம், புழுக்கல், நோலை, பூ, புகை. நோலை என்றால் எள்ளுருண்டை. போருக்குப் போகிற மறவர்களின் தெய்வத்துக்கே பூச்சும் வாசனையும் தின்பண்டமும் பட்டியலில் உண்டு. பலி ஒரு வரி என்றால், மற்றதெல்லாம் அலங்காரமும் உணவும். உங்கள் தாத்தா நோட்டிலும் அதே விகிதம்தான்.

பட்டியல் எழுதுவதும் நம் வழக்கம்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் அக்கா குந்தவை உமாபரமேஸ்வரியார் திருமேனிகளை எடுப்பித்து நகை கொடுத்தாள். எந்த நகையில் எத்தனை முத்து, அதில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, ஒப்பு முத்து எத்தனை, குறு முத்து எத்தனை, மொத்த எடை என்ன என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வட்டம் நல்ல உருண்டை முத்து, அனுவட்டம் அதற்கு அடுத்தது. அரச குடும்பத்துக் கொடையானாலும் சுமாரான முத்தைச் சுமார் என்றே எழுதினார்கள், மறைக்கவில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு கொடுப்பார்கள். தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகிற ஆட்டுக்குப் பதில் குட்டி ஈடாகும், எண்ணிக்கை குறையவே கூடாது. வெட்டாமல் வளர்த்து, விளக்காக எரிய விட்ட ஆடுகள்.

அரிசிமாவு | ஆடி 6

குங்குமம்: குண்டு மஞ்சளை உடைத்து, எலுமிச்சைச் சாற்றில் வெங்காரமும் (போராக்ஸ்) படிகாரமும் கரைத்து, அதில் பிசறி ஊற விட வேண்டும். மஞ்சள் துண்டு மெல்ல மெல்ல ஆரஞ்சாகி, பிறகு உள்ளே வரை சிவக்கும். நிழலில் பல நாள் காய்ந்தபின் இடித்துச் சலித்து, விரல் நுனியில் நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்தால் நெற்றியில் நிற்கும். வெயிலில் காய வைத்தால் நிறம் மங்கிவிடும். கடைசி வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இன்றே தொடங்குங்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். பூசணிக்குள் துளையிட்டு ஊற்றுவதும் அதே ஆரத்தித் தண்ணீர்தான். உடைத்ததும் வெள்ளைச் சதையில் சிவப்பு பரவும். கிடாவை எடுத்துவிட்டுப் பூசணி வைத்தவர்கள் அந்தச் சிவப்பை மட்டும் விடவில்லை.

நெற்றியில் வைப்பது என்பதால் கடைச் சாயப் பொடி வேண்டாம் என்பேன். வீட்டுக் குங்குமத்தில் மஞ்சள் வாசம் இருக்கும், சாயப் பொடியில் அது இருக்காது.

நந்தவனம் | ஆடி 7

"பூ: வாங்காதே, கட்டு." இந்த ஒரு வரிக்காகவே உங்கள் தாத்தாவைக் கும்பிடுகிறேன்.

நான் மாலை கட்டுகிறவன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கைக் கிளியைப் பார்த்திருப்பீர்கள். தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, வாழை நாரால் கட்டு. சாயங்காலம் கையில் ஏறும், மறுநாள் அது போய் அடுத்தது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து கட்டின கிளிக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயுசு என்று தெரிந்தே கட்டுகிறார்கள். அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் கள்ளழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. மற்ற இடத்தில் ஒருவர் சூடினதை இன்னொருவருக்குப் போட மாட்டோம். இங்கே அவள் சூடினதால்தான் அது மாலை.

உங்களுக்கு யோசனை: செவ்வரளி, மரிக்கொழுந்து, வேப்பிலை. நைலான் நூல் வேண்டாம், வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். அரளி விஷம். மாலையில் இருக்கலாம், படையல் இலையில் சாதத்தின் மேல் விழக் கூடாது. பூவை எடுத்த கையோடு மாவு பிசையக் கூடாது. கேரளத்தில் 2024 மே மாதம் தேவஸ்வம் போர்டுகள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று உத்தரவே போட்டன. துள்ளு மாவின் மேல் அழகுக்குப் பூ வைக்கிற பழக்கம் சில வீட்டில் உண்டு. வைக்கத்தான் வேண்டும் என்றால் செம்பருத்தி வையுங்கள்.

பிராகாரம் | ஆடி 7

நந்தவனம் சொன்ன நைலானோடு என் பங்கும் ஒன்று. புடவை சாத்துகிறவர்கள் பாலிதீன் உறையோடு கொடுக்காதீர்கள், வளையலை அட்டையோடு வைக்காதீர்கள். நைலக்ஸ் புடவை வேண்டவே வேண்டாம். தீபாராதனைத் தட்டு கிட்டே போனால் ஒரு பொறி போதும், உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஒரு முழம் என்றாலும் அது மேல். கற்பூரமும் கருவறைக்குள் குறையட்டும். அந்தக் கரி கல்லில் எண்ணெயோடு படிந்தால் வருஷக் கணக்கில் போகாது. நெய்த் திரி ஒன்று போதும், முகம் நன்றாகவே தெரியும்.

பவளமல்லி | ஆடி 12

கண்மலருக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு நாளாக எழுத வரவில்லை.

அத்தையிடம் "அம்மை சம்பந்தமா?" என்று கேட்டதும் உடனே பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு முகத்தில் லேசாகக் குழிகள் உண்டு. பருக்கள் வந்த தழும்பு என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பெரியம்மையாம். அப்போது அவருக்கு நாலு வயசு. இமைக்குள்ளேயே முத்துப் போட்டு, கண் இரண்டும் ஒட்டிப்போய், பதினோரு நாள் திறக்கவே இல்லையாம். அதே தெருவில் இன்னொரு வீட்டுப் பையனுக்குப் பார்வை போய்விட்டது. தாத்தா வாசலில் வேப்பிலை சொருகிவிட்டு, "பிள்ளை கண் திறந்தா என் முறை வர்ற ஒவ்வொரு தடவையும் கண் கொடுக்கிறேன்" என்று நேர்ந்திருக்கிறார். தனக்குப் பிறகும் தொடர வேண்டும் என்றுதான் "மறக்கக் கூடாது".

கிடாவும் அதோடு சேர்ந்ததுதான். கண் திறந்த வருஷம் கிடா வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கிடாவை வளர்த்ததே அப்பாதான். நாலு வயசுப் பிள்ளை அதன் பின்னாலேயே திரிந்து, வெட்டின பிறகு மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அடுத்த முறை வந்தபோது தாத்தா நோட்டில் அடித்துவிட்டுப் பூசணி என்று எழுதினார். சட்டமும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு "கண்மலர நான் வாங்கிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளித்தகடு | ஆடி 12

என் தாத்தா சொல்வார்: அவர் வாலிபத்தில் மாசத்துக்கு நூறு ஜோடிக் கண்மலராவது அடிப்பாராம். என் அப்பா காலத்தில் அது குறைந்துகொண்டே வந்தது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் கண் அச்சு மாற்றப்படவே இல்லை, பழைய அச்சே தேயாமல் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

செல்லாயி பேத்தி | ஆடி 13

சீப்பும் கண்ணாடியும் எதற்கு என்று நீங்கள் கேட்கவே இல்லை கண்ணு. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் பிள்ளைக்குச் சீப்பு போடுவார்கள், அதுவரை தலை வாரக் கூடாது. அம்மனுக்கும் அப்படியே. உக்கிரம் தணிந்து, தலை வாரி, முகம் பார்க்கிறாள் என்று என் பாட்டி சொல்லுவார். கண்ணாடியை அம்மனைப் பார்த்த மாதிரி வையுங்கள், நம்மைப் பார்த்த மாதிரி வைக்காதீர்கள்.

பவளமல்லி | கடைசி வெள்ளி கழிந்து மறுநாள்

நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

ஓலையை நானே சுருட்டினேன். முதல் நாலு கிழிந்துவிட்டது, ஐந்தாவது நின்றது. குங்குமம் கொஞ்சம் ஆரஞ்சாகவே இருந்தது, இன்னும் ஊற விட்டிருக்க வேண்டும். பூசாரி அதைத்தான் கவசத்தின் நெற்றியில் வைத்தார். பெண்கள் நாங்கள் ஆறு பேர் முந்தின ராத்திரி உட்கார்ந்து மாலை கட்டினோம். அரளியைத் தனித் திண்ணையில் வைத்தே கட்டினோம், நந்தவனம் அண்ணா.

கண்மலரை அப்பா வெற்றிலையில் வைத்து நீட்டினார். பூசாரி வாங்கி, கவசத்தைக் கழற்றி, கல் முகத்தின் கண் மேல் சந்தனம் தொட்டு ஒட்டினார். எண்ணெய் ஏறின கறுப்பு முகத்தில் இரண்டு வெள்ளிக் கண். கண்ணாடியை முன்னால் பிடித்தார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

மாவிளக்கு ஒன்றரை மணி நேரம் எரிந்தது, உடையவில்லை. ஒரு படி மாவுக்கு நெய் எவ்வளவு என்று தாத்தா எழுதவில்லை, எனக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். துள்ளு மாவு 2 படி பற்றவில்லை, அடுத்த முறைக்கு 3 என்று திருத்தியிருக்கிறேன்.

அரிசிமாவு | அதே நாள்

வெல்லம் எவ்வளவு போட்டாய் அம்மா? ஒரு படிக்கு அரைக் கிலோவுக்கு மேல் போனால் விளக்கு இளகும். அதையும் எழுதிவிடு.

பவளமல்லி | அதே நாள்

அரைக் கிலோ, ஏலக்காய் எட்டு. எழுதிவிட்டேன் அக்கா.